போரடிக்குதுண்ணே! கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் போட்டுத் தரும் கடை என்னுடையது. ஓடிபி வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச்சுத்துணையும் நான்தான். சாதிச் சான்றிதழில் ஆரம்பிக்கிற பேச்சு சினிமாவுக்குத் தாவும், அங்கிருந்து பாட்டுக்கு, கடைசியில் ‘நெட்டுல ஒண்ணு பார்த்தேண்ணே’ என்று போய் நிற்கும். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதியே வைத்துவிட்டேன்.

அண்ணே, செம போரடிக்குது. என்ன பண்ணலாம்?

கொஞ்ச நேரம் ஒன்றும் பண்ணாமல் இருந்து பாருங்கள். சொல்வது சுலபம், இருப்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமதி வில்சன் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெறும் அறையில் ஆளைத் தனியாகப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்தார்கள். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, தூங்கவும் கூடாது. பக்கத்தில் ஒரு பொத்தான், அமுக்கினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்னமே ஒருதடவை வாங்கிப் பார்த்து, ‘காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்’ என்று சொன்னவர்களைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், சும்மா இருக்க மாட்டாமல் தாங்களே அமுக்கிக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகளின் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2014-ல் இங்கிலாந்தில் சாண்டி மேன், ரெபெக்கா கேட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறொன்று செய்தார்கள். ஒரு கூட்டத்தை டெலிபோன் டைரக்டரியிலிருந்து நம்பர்களைப் பார்த்து எழுத வைத்தார்கள். அதைவிட அலுப்பான வேலை உலகத்தில் உண்டா? அது முடிந்ததும், ‘இந்த இரண்டு கப்பை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்?’ என்று கேட்டார்கள். நம்பர் எழுதி நொந்துபோன கூட்டம்தான், எழுதாத கூட்டத்தைவிட நிறைய யோசனை சொன்னது. அலுப்பு தட்டும்போது மனசு தானாக எங்காவது மேயப் போகிறது. மேய விட்டால் எதையாவது கவ்விக்கொண்டு வரும். நாம்தான் விடுவதில்லை.

போனைப் பார்த்தாலும் போரடிக்குதே, அது எப்படி?

தள்ளித் தள்ளிப் பார்ப்பதால். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தவர்களைவிட, பிடிக்கவில்லை பிடிக்கவில்லை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியவர்களுக்குத்தான் சலிப்பு அதிகம். தாவினால் சலிப்பு குறையும் என்று அவர்கள் நினைத்ததற்கு நேர்மாறாக ஆனது.

என் கடையில் ஸ்டூலில் உட்கார்பவர்களைப் பார்ப்பேன். கட்டைவிரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. ‘இப்ப என்ன பார்த்தீங்க?’ என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனைக் குறை சொல்லி என்ன பண்ண? ஒன்றைத் தேடிப் போனால் அது தருகிறது. ஒன்றும் இல்லாமல் போய் நின்றால் அது தருவதைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்துல எப்படிண்ணே பொழுது போச்சு?

எந்தக் காலத்தில்? கீழடிக்குப் போயிருக்கிறீர்களா? மதுரையிலிருந்து டவுன் பஸ் போகிறது. அங்கே தோண்டியபோது கிடைத்தவற்றில் விளையாட்டுச் சாமான்களே ஏராளம். தந்தத்தில் செய்த பகடை, சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்கள், உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த வட்டுச்சில்லு. நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டு என்று கார்பன் கணக்கு சொன்னது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் இந்தக் காய்களைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சில்லுகளின் ஓரத்தைப் பாருங்கள். பாண்டி ஆடும்போது கையை அறுக்காமல் இருக்கத்தான் அப்படித் தேய்த்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. வீட்டில் போட்ட வேலையைச் செய்யாமல் உட்கார்ந்து ஓட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளையை அதன் ஆத்தா என்ன திட்டு திட்டியிருப்பாள்!

நம் காலத்துக்கு வந்தால் ரேடியோ. இலங்கை வானொலி ராத்திரியில் இன்னும் தெளிவாகக் கேட்கும். காரணம் வானத்தில் இருக்கிறது. மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும் காற்று மண்டல அடுக்கு ஒன்று வெயிலால் உண்டாவது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிடும். அலை இன்னும் மேலே போய், அங்கிருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பித் தூரத்தில் வந்து விழும். கொடைக்கானல் எஃப்.எம். கதை வேறு. எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது, மலையோ பூமியின் வளைவோ மறைத்தால் நின்றுவிடும். கொடைக்கானலோ சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கோபுரம் நட்டால் சுற்றுவட்டாரமே கண்ணுக்கு எதிரில்தான். 100.5-ல் மதுரை டீக்கடைகளில் அது அவ்வளவு கணீரென்று ஒலித்ததற்கு அந்த மலைதான் காரணம்.

தங்கம் தியேட்டர் நிஜமாவே ஆசியாவிலேயே பெருசா?

1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,500 பேருக்கு மேல் உட்காரும் இடம். ஒரு காட்சி விட்டால் ஒரு சின்னக் கிராமமே வெளியே வந்த மாதிரி இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆசியா முழுக்க யார் டேப் பிடித்து அளந்தது என்று கேட்காதீர்கள். மதுரைக்காரன் அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டான், நானும் மாட்டேன். இப்போது அங்கே துணிக்கடை.

என்னைக் கேட்டால் தங்கத்தைவிட ரீகல் கதைதான் ருசி. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா எட்வர்டு மன்றத்துக் கட்டடம் அது. பகலில் வாசகசாலை, சாயங்காலத்துக்கு மேல் இங்கிலீஷ் படம். ஒரே கூரைக்குக் கீழே பகலில் படித்தவர்கள் ராத்திரியில் படம் பார்த்தார்கள். சிந்தாமணி தியேட்டர் இன்னொரு கதை. 1937-ல் தியாகராஜ பாகவதர் நடித்து வந்த ‘சிந்தாமணி’ படம் மதுரை ராயல் டாக்கீஸ்காரர்களுக்குக் கொட்டிக் கொடுத்தது. வந்த காசில் தியேட்டர் கட்டிப் படத்தின் பெயரையே வைத்தார்கள். அதுவும் போய்விட்டது.

ஒரே பெட்டியை வெச்சு ரெண்டு தியேட்டர்ல எப்படிண்ணே படம் ஓட்டினாங்க?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குக் குஷி. பழைய ஆபரேட்டர் ஒருவர் கடைக்குப் பென்ஷன் வேலையாக வருவார். அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

பிலிம் ஒரு நொடிக்கு 24 கட்டம் ஓடும். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டம். ஆக நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, அதாவது நாலு கிலோமீட்டருக்கும் மேல். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு முனையைக் கட்டி இழுத்தால் கோரிப்பாளையம் போயும் மிச்சமிருக்கும். இதை ஒரே சுருளாகத் தூக்க முடியாது. அதனால் ஆயிரம் அடி, இரண்டாயிரம் அடிச் சுருள்களாகத் தகர டப்பாவில் வரும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடம். ‘பெட்டி வந்திருச்சா?’ என்று ரிலீஸ் நாளில் எல்லாரும் கேட்டது இந்தப் பெட்டியைத்தான்.

ஆபரேட்டர் ரூமில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும். ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த சுருளை மாட்டி வைத்துவிட வேண்டும். சுருள் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் மின்னி மறையும். அதைக் கண்டதும் இரண்டாவது மிஷினை ஓடவிட வேண்டும். சில நொடி கழித்து இன்னொரு வட்டம் மின்னும். அந்த நேரத்தில் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. பழைய பிரிண்டிலிருந்து எடுத்த படங்கள் யூடியூபில் கிடக்கின்றன, அவற்றில் மூலையைக் கவனித்துப் பாருங்கள், அந்த வட்டம் இன்னும் இருக்கும். ஒருதடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு கதாநாயகி அழுதாலும் உங்கள் கண் மூலைக்குத்தான் போகும்.

வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். இரண்டு குச்சிகளின் முனையைக் கிட்டத்தில் நிறுத்தினால் நடுவில் வெள்ளை வெளேரென்று எரியும். எரிய எரியக் குச்சி குறையும், இடைவெளி கூடும். திரை மங்கலாகும். கீழேயிருந்து விசில் வரும். ஆபரேட்டர் குச்சியை நகர்த்துவார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு தியேட்டரிலும் காட்சி ஒரே நேரத்தில் ஆரம்பிக்காது, அரைமணி போல முன்னப்பின்ன இருக்கும். முதல் தியேட்டரில் ஓடி முடிந்த சுருளைச் சுற்றி டப்பாவில் போட்டுச் சைக்கிளில் கட்டி அனுப்பினால், இரண்டாவது தியேட்டருக்கு அது போய்ச் சேர நேரம் சரியாக இருக்கும். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் சைக்கிள் கூட்டத்தில் சிக்கினால் அவ்வளவுதான். திரை வெள்ளையாக நிற்கும், ஆபரேட்டரின் ஏழு தலைமுறையும் நினைவுகூரப்படும். இப்போது படம் டிஜிட்டலாக வருகிறது. பெட்டியும் இல்லை, சைக்கிளும் இல்லை.

தனியாப் படம் பார்க்கப் போனா ஒரு மாதிரி பார்க்கிறாங்களே?

அவர்களும் திரையைத்தான் பார்ப்பார்கள். போய்வாருங்கள்.

ஒரே பாட்டு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்த வழி உண்டா?

சூயிங்கம் மெல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-ல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மனசுக்குள் பாடும்போதும் வாய், நாக்கை அசைக்கும் ஏற்பாடு உள்ளே வேலை செய்கிறதாம். மெல்லும்போது அதற்கு வேறு ஜோலி வந்துவிடுவதால் பாட்டு அவ்வளவாக ஒட்டுவதில்லை. வெற்றிலை போட்டாலும் ஆகுமா என்று கேட்கிறார் பக்கத்துக் கடை மாமா. ஆகாமல் என்ன?

இன்னொரு வழி, பாட்டை முழுசாகக் கேட்டுவிடுவது. பாதியில் நின்ற வேலை முடிந்த வேலையைவிட நன்றாக ஞாபகம் இருக்கும் என்று புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே எழுதினார். நமக்கு மண்டையில் ஓடுவது பெரும்பாலும் பல்லவியின் இரண்டு வரிதான். ரீல்ஸில் அவ்வளவுதானே வருகிறது. சரணம் வரை போய் இறங்கிவிட்டால் அது தன்பாட்டுக்குப் போய்விடும். எனக்கு இது நன்றாகவே பலிக்கிறது.

பழைய இசைத்தட்டுப் பாட்டெல்லாம் ஏன் மூணு நிமிஷத்துல முடிஞ்சிருது?

தட்டில் இடம் அவ்வளவுதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். கச்சேரியில் ஒரு ராகத்தை அரைமணி ஆலாபனை செய்பவரும் மைக் முன்னால் வந்தால் அதைச் சுண்டக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். அதில் ஓர் அழகு இருந்தது. முதல் மூச்சிலேயே ராகத்தின் முகத்தைக் காட்டிவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஊர்ப்பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். மதுரை மணி ஐயர் பிறந்தது 1912-ல், எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல், டி.எம். சௌந்தரராஜன் 1922-ல். மூன்று பேரும் மதுரையில் பிறந்தவர்கள், பத்து வருட இடைவெளிக்குள். மூன்று பேரின் பழைய பதிவுகளையும் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஊர்த் தண்ணீர் என்றால் நம்ப முடியாது. மணி ஐயருக்கு ஸ்வரம் மழை மாதிரி கொட்டும், எம்.எஸ்ஸின் சுருதி ஒரு மயிரிழை நகராது, டி.எம்.எஸ். வாயைத் திறந்தால் தமிழ் வார்த்தை ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

இளையராஜாவைத் தவிர வேற யாரையும் கேக்க மாட்டீங்களாண்ணே?

கேட்பேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மாட்டேன்.

பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம், 1996 வரை மதுரை மாவட்டம்தான். ஆக அவரும் எங்கள் கணக்கு. போரடித்தால் ஒன்று செய்யுங்கள். நூறு தடவை கேட்ட ஒரு பாட்டை எடுத்து, குரலை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போங்கள். அடியில் வேறொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கும். நல்ல ஹெட்போன் வேண்டும், போனோடு வரும் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது.

மீனாட்சி கோயில் இசைத்தூணைத் தட்டிப் பார்க்கலாமா?

தட்டாதீர்கள். எல்லாரும் தட்டித் தட்டித்தான் பல ஊர்களில் அந்த மாதிரித் தூண்கள் தேய்ந்தன. வடக்கு ஆடி வீதியில் இருக்கின்றன. ஒரே கல்லில் குடைந்த மெல்லிய தூண்களின் கொத்து. தடிமனும் நீளமும் மாற மாற ஒலியும் மாறுகிறது. கேட்க ஆசையாக இருந்தால் வீடியோ இருக்கிறது.

இன்னொரு விஷயம், 2018-லிருந்து கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும். பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒருமணி நேரம் உட்கார்ந்தால் கை இரண்டு மூன்று தடவை பாக்கெட்டைத் தடவும், பிறகு விட்டுவிடும். அப்புறம்தான் எதிர்ச்சுவரில் வெயில் நகர்வது தெரியும், பக்கத்தில் இருப்பவர் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டுவதும் காதில் விழும்.

நெட்டுல நீங்க பார்த்ததுலயே உருப்படியான விஷயம் எது?

வேலையில்லாத ஒரு மத்தியானம் மதுரையைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில், அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி. தமிழ் மாசத்தின் பெயரில் வீதிகள். அதற்கு வெளியே திடீரென்று மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. சாமி வலம் வருகிற ஊரில் யார் இந்த மாரட், யார் இந்த மேஸ்திரி? தினமும் நடக்கிற வீதி, அதுவரை கேட்கத் தோன்றியதே இல்லை.

தேடினால் கதை விரிந்தது. 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர், ஊர் நெருக்கடியைக் குறைக்கக் கோட்டைச் சுவரை இடிக்க முடிவெடுத்தார். இடித்து அகழியை நிரப்புகிறவர்களுக்கே அந்த இடம் என்று அறிவித்தாராம். மாரட் நில அளவைக்காரர், பெருமாள் வேலை வாங்கிய மேஸ்திரி. இடித்த இடத்தில் போட்ட வீதிகளில் இரண்டுக்கு அவர்கள் பெயர், கோட்டைக்கு வெளியே இருந்ததற்கு வெளி வீதி என்று பெயர். பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான் நம் விளக்குத்தூண். கோட்டையில் மிஞ்சிய ஒரு துண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கலெக்டர்கள் எத்தனையோ பேர் வந்துபோன ஊரில் ஒரு மேஸ்திரியின் பெயரில் வீதி இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அந்தத் தேடலில்தான் லின்னேயஸ் டிரைப் எடுத்த படங்களும் கிடைத்தன. மதராஸ் அரசாங்கத்துக்காக 1858-ல் மதுரையைப் படம் பிடித்த ராணுவ அதிகாரி. பெரிய அருங்காட்சியகங்கள் அந்தப் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள், இடிந்து, செடி முளைத்துக் கிடக்கிறது. நேப்பியர் கவர்னராக வந்து பழுது பார்ப்பதற்கு முந்தைய கோலம். படத்தில் ஆளே இல்லை என்பது அடுத்துக் கண்ணில் படும். காகித நெகட்டிவில் வெளிச்சம் விழ வெகுநேரம் ஆகும், நடந்துபோகிறவர் பதியவே மாட்டார். தூங்கா நகரம் ஆளரவம் இல்லாமல் நிற்கிறது. வானத்தில் இருக்கும் மேகத்தை நம்பாதீர்கள். டிரைப் நெகட்டிவில் மை தீட்டி மேகம் வைப்பவர். பில்டர் போடுவது புதுசு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தையும் தேடிப் பாருங்கள். 1899-ல் தொடங்கியது. வெயிலுக்கும் பஞ்சத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கும் எண்ணமும் அதன் பின்னால் இருந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்து, இப்போது அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். உங்கள் தாத்தா பிறந்த வாரத்தில் சூரியன் முகத்தில் கரும்புள்ளி இருந்ததா என்று பார்க்கலாம். பைசா பிரயோஜனம் இல்லை. ஆனாலும் பார்த்துவிட்டு ஒருவர் என் கடையிலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்.

மதுரைத் திட்டம்னு நெட்டுல இருக்கே, அது எந்தத் தெருவுல இருக்கு?

எந்தத் தெருவிலும் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ வேலை அது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம். உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, பழைய நூல்களைக் காசில்லாமல் படிக்கக் கொடுத்தார்கள். திருக்குறள்தான் முதலாம் எண். சங்கம் வைத்த ஊர் என்பதால் நம் ஊர்ப் பெயர். மதுரைக்காரர்கள் இதற்குச் செய்தது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.

அங்கே போனால் மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியைத் திறந்து பகல் கடை, இரவுக் கடை வரும் இடத்தை மட்டுமாவது படியுங்கள். நாளங்காடி, அல்லங்காடி. புரியாத வார்த்தை நிறைய வரும், வரட்டும். ராத்திரிச் சாமத்தில் யார் யார் தெருவில் நடமாடினார்கள் என்று ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

வாட்ஸ்அப்ல வர்றது நெசமா, புருடாவா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘உலகமே வியக்கிறது’, ‘நாசாவே ஒப்புக்கொண்டது’ என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வருகிற செய்தியை அவர்களே மறுத்துப் பல வருடம் ஆகிறது, ஆனாலும் ஆகஸ்ட் 15 வந்தால் கடைக்கு அது பிரிண்டுக்கு வந்துவிடும். படம் என்றால் அதையே தேடுபொறியில் போட்டு முதலில் எங்கே வந்தது என்று பாருங்கள். யார், எந்த வருடம், எங்கே என்ற மூன்றும் இல்லாத செய்தியை நான் சித்தப்பா அனுப்பினாலும் மேலே அனுப்புவதில்லை.

தம்பி, லீவு விட்டா புள்ளைக வீட்ல போரடிக்குது போரடிக்குதுன்னு உசுர எடுக்குதுக. என்ன செய்ய?

கொஞ்சம் எடுக்கட்டும்க்கா, ஒன்றும் ஆகாது. அந்தக் கத்தல் அடங்கி அதுகளாக எதையாவது இழுத்துப் போட்டு விளையாட ஆரம்பிக்கும், அதற்குள் போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால், புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஏசி வேறு. காந்தி மியூசியத்துக்கும் போகலாம், ராணி மங்கம்மாள் அரண்மனைதான் அது. காந்தி சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பர் 22-ல் இதே மேலமாசி வீதி வீட்டில் என்று சொல்லி, வீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கடையில் கேட்டு, செருப்புக் கடையில் கேட்டு, சாயங்காலம் ஆகிவிடும்.

ராத்திரி முழுக்க நாடகம் நடக்கும்னு சொல்றாங்களே, இன்னுமா நடக்குது?

நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பிள்ளைகளுக்கு நாடகம் கற்றுக்கொடுத்தார். அவர் எழுதிய வள்ளி திருமணம்தான் இன்றைக்கும் கிராமத்துத் திருவிழாக்களில் முக்கால்வாசி ராத்திரி ஓடுகிறது. இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நடிகர்கள் ஒத்திகை பார்ப்பதே இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர். தனித்தனியாக பேசி வரவழைப்பார்கள். சில சமயம் மேடையில்தான் முதல்முதலாக முகம் பார்த்துக்கொள்வார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் அங்கே அப்போதே பிறப்பது.

பத்து மணி போல ஆர்மோனியம் தொடங்கும், மிருதங்கம் சேரும், பக்கத்தில் ஆல்ரவுண்டுக்காரர் தாளத்தையும் தட்டுமுட்டுச் சத்தங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதலில் பபூன் வந்து ஊர்க்காரர்களையெல்லாம் கலாய்ப்பார். நடுராத்திரிக்கு மேல் நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியோடு தர்க்கத்தில் இறங்குவார். இதற்குத்தான் பெரியவர்கள் காத்திருப்பார்கள். அவர் ஒரு பாட்டில் கேள்வி போட, அந்தம்மா இன்னொரு பாட்டில் மடக்க, மணிக்கணக்கில் போகும். வள்ளி சரியாக ஒரு பதில் கொடுத்தாள் என்றால் மேடைக்கு ஓடிப்போய் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவார்கள். போன மாசம் மேலூர்ப் பக்கம் பார்த்த வள்ளிக்கு அம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாரதரை உட்காரவிடவில்லை.

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கம் சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள், நடிகர்களின் படமும் பெயரும் ஊரோடு போட்டிருக்கும். டிக்கெட் கிடையாது. உட்கார ஒரு பாய், விடியற்காலம் குளிருக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திரும்ப முதல் பஸ்தான் கிடைக்கும். சுக்குமல்லிக் காபிக்காரர் மூன்று மணிக்கு ஒரு சுற்று வருவார், சில்லறை வைத்துக்கொள்வது நல்லது.